மலை ஏறினால் கொதிக்கும் பழைய பிக்கப்: கோளாறு எங்கே என்று படிப்படியாகக் கண்டுபிடிப்பது எப்படி?

கம்பத்திலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு குமுளி வழியாகக் கேரளாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. லோயர் கேம்ப் தாண்டி மலைப்பாதை தொடங்கியதும் ஒரு கண் ரோட்டில் இருக்கும், இன்னொரு கண் இஞ்சின் சூட்டைக் காட்டும் மீட்டர் முள்ளில் இருக்கும். கம்பம் ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குமுளி 900 மீட்டருக்குப் பக்கத்தில். நடுவில் உள்ள சில கிலோமீட்டர் ஏற்றம்தான் பழைய வண்டியின் குட்டை உடைக்கும் இடம். சமவெளியில் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய வண்டி, முட்டைகோஸ் மூட்டையோடு இரைச்சல் பாலம் பக்கம் வந்ததும் புகைய ஆரம்பிக்கும்.

நான் மெக்கானிக் இல்லை. பழைய டீசல் பிக்கப் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கி, அது கொதித்துக் கொதித்துப் பாடம் கற்றவன். எங்கள் பக்கத்துப் பட்டறை ஒன்றில் "ரேடியேட்டர் அடைச்சிருக்குண்ணே" என்று கழற்றிச் சுத்தம் செய்தார்கள். சரியாகவில்லை. இன்னொரு இடத்தில் வாட்டர் பம்ப் மாற்றினார்கள். அப்போதும் கொதித்தது. மூன்றாவது இடத்தில் ஹெட்டை, அதாவது இஞ்சினின் மேல்மூடிப் பகுதியை, கழற்றிவிடலாம் என்றார்கள். அதற்குள் ஒருநாள் குமுளியில் வண்டி நின்றுவிட, அங்கே ஒரு வயதான மலையாளி மெக்கானிக் வந்தார். பானெட்டைத் திறக்கக்கூட இல்லை. "எப்போ சூடாவுது தம்பி? கயற்றத்திலயா, நிக்கும்போழா?" என்று கேட்டார். கயற்றம் என்றால் ஏற்றம். அதுவரை அந்தக் கேள்வியை என்னிடம் யாருமே கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

பொருளை மாற்றிப் பார்த்துக் கோளாறு தேடுவது செலவு பிடித்த வழி. கேள்வி கேட்டுத் தேடினால் பத்துக்கு எட்டு முறை ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே பாதி விடை கிடைத்துவிடும். அந்த வரிசையில்தான் இதை எழுதுகிறேன்.

நடுவழியில் கொதித்துவிட்டால்

முள் சிவப்புக்குப் பக்கத்தில் போகும்போதே ஓரம் கட்டுங்கள். வளைவில் நிறுத்தாதீர்கள், மேலிருந்து வரும் லாரிக்கு உங்களைத் தெரியாது. ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

உடனே சாவியைத் திருப்பி இஞ்சினை ஆஃப் செய்வதா வேண்டாமா என்பதில் பலருக்கும் குழப்பம். ஆவி அடிக்கவில்லை, கீழே தண்ணீர் கொட்டவில்லை, பெல்ட்டும் ஃபேனும் ஓடுகின்றன என்றால் நியூட்ரலில் லேசாக ரேஸ் கொடுத்து ஒன்றிரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். பாரம் இல்லாமல் தண்ணீரும் காற்றும் சுற்றுவதால் முள் மெதுவாக இறங்கும். கேபினில் ஹீட்டர் இருந்தால் முழுசாகத் திறந்துவிடுங்கள். அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். வியர்த்துக் கொட்டும், பரவாயில்லை. ஆனால் ஆவி அடித்தாலோ, முள் இறங்காமல் ஏறிக்கொண்டே போனாலோ, அந்த நொடியே ஆஃப் செய்துவிடுங்கள்.

அப்புறம் காத்திருக்க வேண்டும். முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் ஆகலாம். ரேடியேட்டர் மூடியைத் தொடவே தொடாதீர்கள். ஈரச் சாக்கைப் போட்டு மூடியைத் திருகும் வித்தையை நானும் பார்த்திருக்கிறேன், அதில் கை வெந்தவரையும் பார்த்திருக்கிறேன். விஷயம் இதுதான்: மூடியில் 0.9 என்று அச்சிட்டிருந்தால், வெளிக்காற்றைவிட 0.9 பார் கூடுதல் அழுத்தம் வரை அது தண்ணீரை உள்ளே அடைத்து வைக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118 டிகிரி செல்சியஸ் பக்கம் போய்த்தான் கொதிக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் போய்விடுகிறது. குமுளி உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். உள்ளே 110 டிகிரியில் சும்மா இருந்த தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி முகத்தில் அடிப்பது இதனால்தான். ரேடியேட்டரின் மேல் ஹோஸை, அதாவது மேலே உள்ள ரப்பர் குழாயை, கையால் சுகமாகப் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறிய பிறகுதான் மூடி.

ஆறாத இஞ்சினில் ஊற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து மடக்கென்று ஊற்றாதீர்கள். மலையோர ஓடைத் தண்ணீர் சில்லென்று இருக்கும். சூடான ஹெட் வெடிப்பு விட அது போதும். ஆறியதும் இஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஐடிலில் ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கீழே கூலண்ட் (ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கிற திரவம்) சிந்தியிருந்தால் மண்ணைப் போட்டு மூடிவிடுங்கள். அது இனிப்பாக இருக்கும், ஆடும் நாயும் நக்கிவிடும். எத்திலீன் கிளைக்கால் உள்ள கூலண்ட் அவற்றைக் கொன்றுவிடும்.

எப்போது சூடாகிறது?

வீட்டுக்கு வந்ததும் முதலில் ஒரு காகிதத்தை எடுத்து இதை எழுதுங்கள்.

நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் மட்டும் சூடாகி, வேகம் எடுத்ததும் முள் இறங்குகிறது என்றால் காற்றோட்டத்தில்தான் கோளாறு. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று செய்கிற வேலையை, நிற்கும்போது ஃபேன் செய்ய வேண்டும். அது செய்யவில்லை. ஐயப்ப சீசனில் குமுளி ரோட்டில் வண்டிகள் வரிசையாக நிற்கும்போது கொதிக்கிற பிக்கப்புகளில் பாதி இந்த ரகம்.

இதற்கு நேர் எதிரானது: நிற்கும்போது ஒன்றுமில்லை, தேனி பைபாஸில் 80 தொட்டதும் முள் ஏறுகிறது. காற்று போதுமானது வருகிறது, தண்ணீரோட்டம் போதவில்லை. ரேடியேட்டர் உள்ளே அடைப்பு, கீழ் ஹோஸ் சப்பிப் போவது, பம்ப் உள்ளே தேய்ந்தது ஆகிய மூன்றில் ஒன்று.

பாரத்தோடு ஏறும்போது மட்டும் சூடாகிறது என்பதுதான் சிக்கலான வகை. எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் குறைந்திருந்தாலும் இப்படித்தான் ஆகும். ஏற்றத்தில் இஞ்சின் அதிகபட்ச சூட்டை உண்டாக்குகிறது, வண்டியோ 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, எதிர்க்காற்று இல்லை. ரேடியேட்டர், ஃபேன், பம்ப், தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் வால்வு) நான்கும் முழு பலத்தில் வேலை செய்தால்தான் தாக்குப்பிடிக்கும்.

காலையில் ஸ்டார்ட் செய்து ஐந்தாறு நிமிடத்திலேயே முள் மேலே போனால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம், தண்ணீர் ரொம்பக் குறைந்திருக்கலாம், அல்லது ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் அதன் அடியில் உள்ள பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கலாம். இந்த வகையில் வண்டியை ஓட்டிப் பார்க்கிற வேலையே வேண்டாம்.

முள் சொல்வது உண்மையா?

பழைய வண்டியில் மீட்டரை நம்பி ஹெட்டைக் கழற்றினவர்கள் உண்டு. லைட் போட்டால் முள் கொஞ்சம் ஏறுகிறது, ஹாரன் அடித்தால் ஆடுகிறது என்றால் அது சூடு இல்லை, எர்த் ஒயரில் துரு. பேட்டரியிலிருந்து இஞ்சினுக்கும் பாடிக்கும் போகிற எர்த் இணைப்புகளைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுங்கள்.

ஒற்றை ஒயர் சென்சார் உள்ள வண்டிகளில் இன்னொரு சோதனை: சாவியை ஆன் செய்து, சென்சார் ஒயரைக் கழற்றினால் பெரும்பாலான வண்டிகளில் முள் குளிர்ப் பக்கம் விழ வேண்டும். அந்த ஒயரை இஞ்சின் பாடியில் ஒரு நொடி தொட்டால் சூட்டுப் பக்கம் ஓட வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டரும் ஒயரும் சரி, சந்தேகம் சென்சாரில் மட்டும். துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு அதைவிடப் பிரயோஜனமான கருவி இல்லை. தெர்மோஸ்டாட் உட்கார்ந்திருக்கும் கூட்டின் மேல் குறி வைத்தால் உண்மை தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. கொதித்துக்கொண்டிருந்த வண்டியில் முள் திடீரென்று கீழே விழுந்தால் "அப்பாடா" என்று ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள். தண்ணீர் முழுவதும் போய், சென்சார் வெறும் காற்றில் நிற்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். தண்ணீரே இல்லாத இஞ்சினின் மீட்டர் பொய்தான் சொல்லும்.

காலையில், குளிர்ந்த இஞ்சினில்

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் மூடியைத் திறந்து பாருங்கள். கழுத்து வரை தண்ணீர் நிற்க வேண்டும். பக்கத்தில் உள்ள கூலண்ட் டப்பாவைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். டப்பாவில் குறிவரை கூலண்ட் இருக்கும், ரேடியேட்டர் உள்ளே அரை லிட்டர் குறைவாக இருக்கும். சூடேறும்போது விரிகிற தண்ணீர் மூடி வழியாக டப்பாவுக்குப் போய், ஆறும்போது மறுபடி உறிஞ்சப்பட வேண்டும். நடுவிலுள்ள சின்ன ரப்பர் குழாயில் பொடி வெடிப்பு இருந்தால் போகிறது போகும், திரும்பி வராது. காற்றைத்தான் உறிஞ்சும். அந்தக் குழாயின் விலை ஒரு டீ, வடைக் காசு.

தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். செம்மண் நிறம் என்றால் உள்ளே துரு, யாரோ வருஷக்கணக்கில் வெறும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால், அல்லது இஞ்சின் ஆயில் மூடியின் அடியில் மோர் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால், ஹெட் கேஸ்கெட் பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள்.

மூடியின் ரப்பர் வளையத்தை விரலால் தடவுங்கள். காய்ந்து வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள், அதே எண் அச்சிட்ட மூடியாகப் பார்த்து. 0.9 இருந்த இடத்தில் "கூடுதல் பாதுகாப்பு" என்று 1.3 போட்டால் பழைய ஹோஸ் வெடிக்கும். மூடியின் நடுவில் உள்ள சின்ன வால்வை நகத்தால் இழுத்தால் திறந்து, விட்டால் மூட வேண்டும். இது சிக்கிக்கொண்டால், ஆறிய வண்டியில் மேல் ஹோஸ் வற்றிய வாழைத்தண்டு போல ஒட்டிப்போய்க் கிடக்கும். அதைப் பார்த்தால் ஹோஸை மாற்றாதீர்கள், மூடியை மாற்றுங்கள்.

கசிவைத் தேட வெயில் வேண்டாம், டார்ச் லைட் போதும். காய்ந்துபோன கூலண்ட் பச்சையாகவோ வெள்ளையாகவோ கறை விட்டிருக்கும். கிளாம்ப் அடிகள், ரேடியேட்டர் டேங்கின் ஓரங்கள், டிரெயின் நட், இஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வட்டத் தகடுகள், டேஷ்போர்டுக்கு அடியில் கால்மிதியின் ஈரம் எல்லாவற்றையும் பாருங்கள். வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதில் கறை இருந்தால் பம்ப் சீல் போய்விட்டது. அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைத்துவிடுகிற மகாபுத்திசாலிகள் எங்கள் பக்கம் உண்டு. தண்ணீர் அப்புறம் பேரிங்கில் இறங்கும், ஒரு நாள் பம்ப்பும் ஃபேனும் சேர்ந்து ரேடியேட்டரைக் கிழிக்கும்.

பெல்ட், ஃபேன்

இஞ்சின் ஆஃபில், சாவி உங்கள் பையில் இருக்கட்டும். பெல்ட்டின் நீளமான பகுதியைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இறங்கலாம், அதற்கு மேல் போனால் தளர்வு. உள்பக்கம் கண்ணாடி போல் பளபளத்தால் பெல்ட் வழுக்குகிறது. ஏற்றத்தில் கிறீச் சத்தம் கேட்டிருந்தால் அதுதான்.

ஃபேனின் நடுவில் வட்டமாக, துடுப்புகளோடு ஒரு உருளை இருக்கிறதா? அது விஸ்கஸ் கிளட்ச். உள்ளே சிலிக்கான் எண்ணெய். ரேடியேட்டரிலிருந்து வரும் காற்று சூடானதும் முன்னால் உள்ள உலோகச் சுருள் விரிந்து, ஃபேனை இறுக்கிப் பிடித்துச் சுற்ற வைக்கும். குளிர்ந்த இஞ்சினில் ஃபேனைக் கையால் சுழற்றினால் லேசான தடையோடு உடனே நிற்க வேண்டும். சைக்கிள் சக்கரம் போலச் சுற்றிக்கொண்டே போனால் எண்ணெய் போய்விட்டது. உருளையைச் சுற்றி எண்ணெய்ப் பசை படிந்த கோடு தெரிந்தாலும் அதேதான்.

இதை ஓட்டும்போதே காதால் கண்டுபிடிக்கலாம். ஏற்றத்தில் முள் நடுவைத் தாண்டியதும் பானெட்டுக்குள்ளிருந்து 'ஹோ' என்று ஒரு இரைச்சல் வர வேண்டும், பெரிய லாரி பக்கத்தில் வருவது போல. ஃபேன் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். என் வண்டியில் இப்போது அந்தச் சத்தம் மூன்றாவது வளைவில் வரும், ஒரு நிமிடத்தில் அடங்கும், மறுபடி வரும். முள் ஏறியும் அந்த இரைச்சல் வரவேயில்லை என்றால் கிளட்சைச் சந்தேகப்படுங்கள். ஃபேன் ஓடும்போது காகிதச் சுருளை விட்டு நிறுத்திப் பார்க்கிற சோதனையைச் சிலர் சொல்வார்கள். வேண்டாம், விரல்கள் பத்துதான்.

நேரடியாகப் பம்ப் புல்லியில் மாட்டிய ஃபேன் என்றால் இந்தத் தொல்லை இல்லை. எலக்ட்ரிக் ஃபேன் என்றால் ஃப்யூஸ், ரிலே, சுவிட்ச் மூன்றையும் பாருங்கள்.

ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். பெல்ட் மாற்ற இடைஞ்சல் என்று கழற்றிப் போட்டவர்கள் திரும்ப மாட்டுவதே இல்லை. அது இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல், பக்கவாட்டில் இருக்கிற சூடான காற்றையே கிண்டிக்கொண்டிருக்கும்.

ரேடியேட்டர்

வெளியிலிருந்து ஆரம்பியுங்கள். வைக்கோல் லோடு அடிக்கிற வண்டி என்றால் முன்பக்கம் தூசியும் துரும்பும் ஜமுக்காளம் போல் படிந்திருக்கும். இஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே நோக்கித் தண்ணீர் அடியுங்கள். வாட்டர் சர்வீஸில் முன்னாலிருந்து பிரஷர் போட்டு அடித்தால் அழுக்கு உள்ளே போய் இறுகும், மெல்லிய தகடுகளும் மடங்கும். விரலால் தொட்டதும் தகடு பொடியாக உதிர்ந்தால் அந்த ரேடியேட்டருக்கு ஆயுள் முடிந்தது.

உள்ளடைப்புக்கு: இஞ்சின் நன்றாகச் சூடானதும் ஆஃப் செய்து, தெர்மாமீட்டரை ரேடியேட்டர் முகம் முழுக்க நகர்த்துங்கள். சூடு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சீராகக் குறைய வேண்டும். நடுவில் திட்டுத் திட்டாகக் குளிர்ந்த இடம் இருந்தால் அங்கே குழாய்கள் அடைந்திருக்கின்றன. போர் தண்ணீர் ஊற்றிய வண்டிகளில் இது சகஜம். வீட்டில் தண்ணீர் சுடவைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்புதான் இங்கேயும் படிகிறது.

செம்பு, பித்தளை ரேடியேட்டர் என்றால் டேங்கைச் சூடு காட்டிக் கழற்றி, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுக் குத்தி, மறுபடி ஈயம் வைத்து மூடித் தருகிற பழைய பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. அலுமினியத்தில் பிளாஸ்டிக் டேங்க் வைத்த ரகத்துக்கு அந்த வைத்தியம் சரிப்படாது. ஃப்ளஷ் செய்து பார்த்து, சரியாகாவிட்டால் புதிது.

மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டையும் அளந்து பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சூடு என்றால் தண்ணீர் ஓடுகிறது, ரேடியேட்டரால் சூட்டை வெளியேற்ற முடியவில்லை, காற்றைத் தேடுங்கள். மேலே 95, கீழே 50 என்கிற மாதிரி பெரிய வித்தியாசம் இருந்தால் தண்ணீர் ஓடவில்லை. அடைப்பு, பம்ப், தெர்மோஸ்டாட். அப்புறம் ஒருவரை ரேஸ் கொடுக்கச் சொல்லி கீழ் ஹோஸைக் கவனியுங்கள். பம்ப் உறிஞ்சும் பக்கம் அதுதான். உள்ளே இருக்க வேண்டிய ஸ்பிரிங் துருப்பிடித்துப் போயிருந்தால் ரேஸில் ஹோஸ் உள்வாங்கிச் சப்பும், விட்டதும் பழையபடி ஆகும். நிறுத்திப் பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

"வால்வைக் கழட்டிப் போட்டுரு"

இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பணம் போனது இங்கேதான்.

தெர்மோஸ்டாட்டை எங்கள் பக்கம் வால்வு என்பார்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்குண்ணே வால்வு? அது குளிர் நாட்டுக்காரனுக்கு" என்று கழற்றித் தூரப் போடுவது வழக்கம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் பல பழைய டீசல் இஞ்சின்களில் அந்த வால்வுக்கு இரண்டு வேலை. இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் பக்கத்தை மூடி, தண்ணீரை பைபாஸ் என்கிற குறுக்கு வழியாக இஞ்சினுக்குள்ளேயே சுற்ற விடும். சூடானதும் மேல் தட்டு ரேடியேட்டர் வழியைத் திறக்கும், அதே சமயம் அடியில் உள்ள இன்னொரு தட்டு இறங்கி பைபாஸை அடைக்கும். வால்வையே எடுத்துவிட்டால் பைபாஸ் எந்நேரமும் திறந்தே கிடக்கும். பம்ப் தள்ளுகிற தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் சூட்டோடு திரும்பி வரும். சமவெளியில் இது தெரியாது. உண்மையில் வண்டி தேவைக்கு மேல் குளிர்ந்தே ஓடும், மைலேஜ் குறையும், இஞ்சின் தேயும். மலையில் பாரத்தோடு ஏறும்போது அந்த ஒரு பங்கு தண்ணீர்தான் குறையும்.

குமுளி மெக்கானிக், "ஏற்றத்தில்தான்" என்ற என் பதிலைக் கேட்டதும் செய்தது ஒன்றே ஒன்று. மறுநாள் காலை, குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, மேல் ஹோஸை என் கையால் பிடிக்கச் சொன்னார். வால்வு சரியாக இருந்தால் ஹோஸ் பல நிமிடம் சில்லென்றே இருந்து, பிறகு சட்டென்று சூடாக வேண்டும். என் கையில் அது முதல் நிமிடத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பாகிக்கொண்டே வந்தது. "வால்வு இல்லா தம்பி" என்றார். கழற்றிப் பார்த்தால் அந்த இடம் காலி. எனக்கு விற்றவரோ அவருக்கு முன்னால் இருந்தவரோ எடுத்துப் போட்டிருக்கிறார். சில நூறு ரூபாய்ப் பொருள்.

உங்கள் வால்வு நல்லதா என்று அடுப்பில் சோதிக்கலாம். அதன் மேல் 82 அல்லது 88 என்று அச்சிட்டிருக்கும், திறக்க ஆரம்பிக்கும் சூடு அது. ஒரு நூலில் கட்டி, பாத்திரத்துத் தண்ணீரில் அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்குங்கள். அந்தச் சூட்டில் அசைய ஆரம்பித்து, 82 வால்வு என்றால் 95 டிகிரி பக்கம், 88 என்றால் தண்ணீர் கொதிக்கிற நேரத்தில், ஒரு பென்சில் நுழைகிற அளவுக்கு, ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் திறந்திருக்க வேண்டும். வீட்டில் திட்டு விழாத பாத்திரமாகப் பார்த்து எடுங்கள். திரும்ப மாட்டும்போது, தட்டில் சின்னத் துளையோ ஆடும் ஊசியோ இருந்தால் அது மேல் பக்கம் வரட்டும். காற்று வெளியேறும் வழி அது.

பம்ப்

ஃபேனின் இரண்டு எதிர் இலைகளைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது. கசிவும் இல்லை, ஆட்டமும் இல்லை, ஆனாலும் தண்ணீர் ஓடவில்லை என்றால் பம்ப் உள்ளே தண்ணீரைத் தள்ளும் விசிறி துருப்பிடித்துக் கரைந்திருக்கலாம், அல்லது தண்டில் வழுக்கிக்கொண்டிருக்கலாம். கழற்றாமல் அது தெரியாது. ரேடியேட்டரையும் வால்வையும் சந்தேகத்திலிருந்து விடுவித்த பிறகே பம்ப்பைக் கழற்றுங்கள்.

ஹெட் கேஸ்கெட்

எல்லோருக்கும் பயம் இங்கேதான், அதனால்தான் பலரும் இதை முதலில் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். கழற்றாமலேயே ஓரளவு உறுதி செய்யலாம்.

குளிர்ந்த இஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து, கழுத்து வரை நிரப்பி ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் சில குமிழிகள் வரும், அது தேங்கிய காற்று. இரண்டு மூன்று நிமிடம் கழித்தும் சோடா பாட்டில் மாதிரி நிற்காமல் குமிழி வந்தால், அல்லது ரேஸ் கொடுத்ததும் தண்ணீர் ஊற்றுப்போல் எகிறினால், சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் வருகிறது. மூடி போட்ட நிலையில் ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்திலேயே, இஞ்சின் சூடாகும் முன்பே, மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினாலும் அதே அர்த்தம். எங்கேயும் கசிவில்லாமல் தண்ணீர் குறைவதும், சூடான பிறகும் சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை நிற்காமல் வருவதும் சேர்ந்தால் சந்தேகம் வலுக்கும். ரேடியேட்டர் வாயில் வைத்துப் புகைவாயுவைச் சோதிக்கிற நிறம் மாறும் திரவம் சில பட்டறைகளில் இருக்கிறது. ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்கும் முன் அதைச் செய்யச் சொல்லுங்கள்.

கழற்றித்தான் ஆகவேண்டும் என்றால், கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூட விடாதீர்கள். ஹெட்டின் அடிப்பரப்பில் நேர்ச்சட்டம் வைத்து, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 0.1 மில்லிமீட்டர் வளைவே பல இஞ்சின்களுக்கு அதிகம். லேத் பட்டறையில் கொடுத்து ஃபேஸ் செய்ய வேண்டும், அதாவது பரப்பைச் சமமாக்க வேண்டும், வெடிப்புக்குப் பிரஷர் டெஸ்ட்டும் செய்ய வேண்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே போகிற வரிசையில், டார்க் ரென்ச் (எவ்வளவு பலத்தில் இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) வைத்து இறுக்குகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கோபப்படுவார்கள், பட்டுக்கொள்ளட்டும்.

தண்ணீர்ப் பக்கம் எல்லாம் சரி, இன்னும் சூடாகிறது

அப்படியானால் இஞ்சின் தேவைக்கு மேல் சூட்டை உண்டாக்குகிறது. சமதரையில் பிரேக் அதிகம் பிடிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கர டிரம்மிலும் தெர்மாமீட்டரை வையுங்கள். ஒன்று மட்டும் அதிகம் கொதித்தால் பிரேக் பிடித்தபடியே ஓடுகிறது. ஏற்றத்தில் இஞ்சின் சத்தம் ஏறி வண்டி ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. கரும்புகை என்றால் ஏர் ஃபில்டரைத் தட்டிப் பாருங்கள். டீசல் பம்ப்பைக் கழற்றி மாட்டிய பிறகு சூடாக ஆரம்பித்திருந்தால் டைமிங், அதாவது டீசல் பீய்ச்சும் நேரம், தவறியிருக்கலாம்.

அப்புறம் ஓட்டுகிற கை. மூன்றாவது கியரில் முக்கி முனகி ஏறினால் பம்ப்பும் ஃபேனும் மெதுவாகச் சுற்றும், பாரமோ முழுசாக இஞ்சின் மேல் இருக்கும். இரண்டாவதுக்கு இறக்குங்கள். சத்தம் அதிகமாகும், முள் குறையும். ஆர்.சி.யில் போட்ட எடையைவிட ஒரு மடங்கு கூடுதலாக ஏற்றிவிட்டு வண்டியைக் குறை சொல்பவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

திரும்ப நிரப்புவது

நம் ஊரில் தண்ணீர் உறையப் போவதில்லை, ஆனாலும் கூலண்ட் வேண்டும். துருவையும் உப்புப் படிவையும் தடுப்பதும், கொதிநிலையைக் கொஞ்சம் உயர்த்துவதும் அதன் வேலை. கலந்தே விற்பதை வாங்கினால் அப்படியே ஊற்றுங்கள். கெட்டியானது என்றால் டப்பாவில் சொன்ன விகிதத்தில் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு தண்ணீரில் கலக்குங்கள். பச்சையில் சிவப்பைக் கலக்காதீர்கள், சில ரகங்கள் சேர்ந்தால் கூழாகிவிடும்.

காற்றை வெளியேற்றாமல் நிரப்பினால் செய்த வேலை வீண். வண்டியின் மூக்கு மேடாக இருக்கும்படி ஒரு சரிவில் நிறுத்தி, ஹீட்டரைத் திறந்து வைத்து, மூடி இல்லாமல் மெதுவாக ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் காற்று நட் இருந்தால் தளர்த்தி, குமிழி இல்லாமல் தண்ணீர் வரும் வரை விடுங்கள். ஐடிலில் ஓடவிட்டு, நடுநடுவே மேல் ஹோஸைத் துணி வைத்துப் பிசையுங்கள். வால்வு திறந்ததும் மட்டம் மடக்கென்று இறங்கும். நிரப்பி மூடுங்கள்.

அடுத்து மலை. முதல் தடவை பாதி லோடு போதும். லோயர் கேம்பில் முள் எங்கே, இரைச்சல் பாலத்தில் எங்கே, குமுளி செக்போஸ்ட்டில் எங்கே என்று கிளீனரை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். தெர்மாமீட்டர் அளவும் சேர்த்து. மறுநாள் காலை, குளிர்ந்த இஞ்சினில் மூடியைத் திறந்து பாருங்கள். ஒரு விரல்கடை குறைந்திருந்தால் மிச்சமிருந்த காற்று வெளியேறியிருக்கிறது, நிரப்பிவிட்டு ஓட்டலாம். மூன்றாம் நாளும் அதே அளவு குறைந்தால் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கிளாம்புகளிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.